புதிய அடுப்பும் பழைய கம்பியும்



மலைநாட்டு அடுப்படிகளிலே ஒரு மாற்றம் நிகழ்ந்து வருகின்றது. தலைமுறை தலைமுறையாக விறகு எரிந்த இடத்தைச் சில வீடுகளில் எரிவாயு பிடித்தது. இப்பொழுது அந்த இடத்துக்கு மின் அடுப்பு வந்துகொண்டிருக்கின்றது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் எரிவாயு உருளைகளோடு தொடர்புடைய வெடிப்புச் செய்திகள் நாடெங்கும் அச்சத்தை விளைத்தன. அதன் பின்னர் 2022ஆம் ஆண்டில் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஏற்பட்ட தட்டுப்பாட்டை எவரும் மறந்திருக்க மாட்டார். வெற்று உருளையை வைத்துக்கொண்டு நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்களுள் பலர், கையிலிருந்த பணத்துக்கு ஒரு மின் அடுப்பை வாங்கி வீடு திரும்பினார்கள்.

மின் அடுப்பு நல்ல பொருள்தான். புகையில்லை, கரியில்லை. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாறு கட்டிச் சுமந்து வரும் பெண்ணின் தலைச்சுமையை அது குறைக்கின்றது. விடியுமுன் எழுந்து, ஈர விறகை ஊதி ஊதிக் கண் கலங்கி, ரொட்டியும் தேநீரும் ஆயத்தஞ்செய்து, பிரட்டுக்கு ஓடவேண்டிய தாய்மாருக்கு அது பெரியதோர் உதவி. ஆகவே, மின் அடுப்பு வேண்டாம் என்பதன்று இப்பேச்சின் நோக்கம். அடுப்பு புதியது, ஆனால் அதற்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பியோ பழையது. இவ்விரண்டையும் இணைக்கும்போது நேரக்கூடிய கேடு எது, அதனைத் தவிர்க்கும் வழி எது என்பதே இங்கு ஆராயப்படுவது.

ஹட்டன் பிரதேசத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு விந்தையானது. இந்நாட்டின் நீர்மின்சாரத்துக்குத் தந்தை எனப் போற்றப்படும் பொறியியலாளர் விமலசுரேந்திர அவர்கள், மலைநாட்டு ஆறுகளின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதை 1918ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வுரையில் எடுத்துக்காட்டினார். அவருடைய கனவு பழைய லக்ஷபான மின்நிலையமாக நிறைவேறியது 1950ஆம் ஆண்டிலேதான். அதன்பின் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் எழுந்தன. மவுசாக்கலை நீரின் அடியிலே பழைய மஸ்கெலியா நகரமே அமிழ்ந்தது. இவ்வாறு இம்மலைகளிற் பெய்த மழை கொழும்பு நகரத்தின் விளக்குகளை ஏற்றியது. ஆனால் நீர்த்தேக்கத்தைக் கண்ணெதிரே கண்டுகொண்டு வாழ்ந்த லயங்களுட் பலவற்றில் நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது. தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் மின்சாரம் வந்து எத்தனையோ ஆண்டுகள் கழிந்த பின்னரே லயக் காம்பிராவுக்கு அது வந்தது.

அவ்வாறு பிந்தி வந்த மின்சாரம், எதற்காக வந்தது? இரண்டு விளக்குகளுக்காகவும் ஒரு வானொலிப் பெட்டிக்காகவும் வந்தது. அதற்கேற்பவே கம்பியும் இழுக்கப்பட்டது. ஹட்டன் நகரத்தின் பழைய வீடுகளிலும் தோட்டங்களின் பழைய உத்தியோகத்தர் விடுதிகளிலும் நிலைமை வேறொரு விதமானது. அங்கே மரச்சட்டத்துக்குள் ஓடும் இறப்பர் உறைக் கம்பிகளை இன்றும் காணலாம். பல்லாண்டு கழிந்தபின் அவ்விறப்பர் காய்ந்து வெடித்து, தொட்டால் உதிரும் நிலையை அடைந்துவிடும். ஆக, லயமாயினும் சரி, பழைய வீடாயினும் சரி, சமையலை எண்ணி அமைக்கப்பட்ட கம்பியன்று அது.

இனிச் சிறிது கணக்குப் பார்ப்போமாயின் விடயம் தெளிவாகும். ஒவ்வொரு மின் அடுப்பின் அடியிலும் ஒரு சிறு தகடோ ஒட்டுத்தாளோ இருக்கும். அதில் அதன் வலு வாட் அளவிற் குறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணை 230ஆல் வகுத்தால், அடுப்பு இழுக்கும் மின்னோட்டம் அம்பியர் அளவில் வந்துவிடும்; ஏனெனில் இந்நாட்டு வீடுகளுக்கு வழங்கப்படுவது 230 வோல்ட் மின்சாரம். 2,000 வாட் அடுப்பு 8.7 அம்பியர் இழுக்கின்றது. ஆனால் அதே காம்பிராவில் உள்ள விளக்குகளும் தொலைக்காட்சியும் சேர்ந்து 100 வாட் என்று கொண்டால், அவை இழுப்பது 0.43 அம்பியரே. அடுப்பு வந்தவுடன் கம்பியிலே ஓடும் மின்னோட்டம் ஏறத்தாழ இருபது மடங்காகின்றது.

மின்னோட்டம் இருபது மடங்கானால் கம்பியின் வெப்பமும் இருபது மடங்காகும் என்று பலர் எண்ணக்கூடும். அதுவன்று உண்மை. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. இருபது மடங்கானால் நானூறு மடங்கு. இது இயற்கையின் விதி. நேற்றுவரை குளிர்ந்து கிடந்த கம்பி இன்று சூடேறுவதன் காரணம் இதுவே.

ஒருவர் இங்கே குறுக்கிட்டு, “ஒரு சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ள செப்புக் கம்பி பத்து அம்பியர் அளவைத் தாங்கும் என்கிறார்களே, அடுப்பு இழுப்பது 8.7 தானே?” என்று வினவலாம். நியாயமான வினாதான். ஆனால் அந்தப் பத்து அம்பியர் என்பது, உறை கெடாத புதிய கம்பிக்குச் சொல்லப்பட்ட அளவு. அடுப்பு எரியும் வேளையிலேயே கேத்தலும் கொதிக்கும். சோற்றுப் பானையும் வேகும். பாடசாலைச் சீருடைக்கு மின்னழுத்தியும் சூடேறும். 2,000 வாட் அடுப்பு, 1,500 வாட் கேத்தல், 700 வாட் சோறு சமைக்கும் கருவி ஆகிய மூன்றும் ஒருசேர இயங்கினால் 18 அம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் ஓடும். விளக்குக்கென இழுத்த கம்பிக்கு அது தாங்கமுடியாத பாரம்.

கம்பியினும் பெரிய பகைவன் ஒருவன் உண்டு. அவன் பெயர் தளர்ந்த பொருத்து. பழைய பிளக் துவாரத்தின் பித்தளைப் பற்று விரிந்துவிடுகின்றது, திருகாணி தளர்கின்றது, கம்பியோடு கம்பியை முறுக்கி நாடா சுற்றிய இடம் பிரிகின்றது. இத்தகைய ஓரிடத்தில் அரை ஓம் அளவு தடை ஏற்பட்டதாகக் கொள்ளுங்கள். 40 வாட் விளக்கு எரியும்போது அங்கே தோன்றும் வெப்பம் ஒரு வாட்டின் நூறிலொரு பங்களவே. ஆகவே எவரும் அதனை அறியார். ஆனால் 8.7 அம்பியர் ஓடினால் அதே இடத்தில் ஏறத்தாழ 38 வாட் வெப்பம் தோன்றும். ஈயம் உருக்கிப் பொருத்தும் கோலின் நுனியில் எழும் வெப்பத்துக்கு அது நிகரானது. அந்த வெப்பம் சுண்டுவிரல் நுனியளவு இடத்தில், மரப்பலகைக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே, சோறு வேகும் நேரம் முழுவதும் எழுந்துகொண்டேயிருக்கும். தீ பிறப்பதற்கு வேறென்ன வேண்டும்?

இங்கே கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. வீட்டிலுள்ள பாதுகாப்புக் கருவிகளுள் எதுவும் இந்தத் தளர்ந்த பொருத்தைக் கண்டுகொள்வதில்லை. உருகி என்னும் பியூஸும், அதன் இடத்தில் இன்று பொருத்தப்படும் சிறு சுற்றுடைப்பானும், அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் ஓடினால் மாத்திரமே அறுக்கும். ‘டிரிப் சுவிட்ச்’ என்று மக்கள் வழங்கும் கருவி, மின்சாரம் வழிதவறி மண்ணுக்கோ மனித உடலுக்கோ ஒழுகினால் மாத்திரமே விழும். பாரம் கூடினால் அது விழாது. தளர்ந்த பொருத்தில் மின்னோட்டம் மிகுவதுமில்லை, வழிதவறுவதுமில்லை. ஆகவே “டிரிப் சுவிட்ச் இருக்கின்றது, பயமில்லை” என்று கூறுவோர் பாதி உண்மையையே கூறுகின்றனர். மற்றப் பாதிக்குக் காவலர் மனிதரின் கண்ணும் மூக்குமே. பிளக்கின் முகம் பழுப்பேறுதல், மீன்வாடை போன்ற கருகல் மணம், விளக்கு மினுக்குதல், சுவிட்சில் ‘சிர்’ என்னும் ஓசை, இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அடுப்பை அக்கணமே நிறுத்திவிட வேண்டும்.

உருகியைப் பற்றியும் ஒரு வார்த்தை. விளக்குச் சுற்றின் உருகி பொதுவாக 5 அம்பியருக்கானது. அதிலே அடுப்பைப் பொருத்தினால் உருகி எரிந்துபோகும். அது தன் கடமையைச் செய்கின்றது. ஆனால் வீட்டார் செய்வது என்ன? எரிந்த மெல்லிய இழையை எடுத்துவிட்டு, தடித்த செப்பு இழை ஒன்றைக் கட்டிவிடுகின்றனர். உருகி இனி எரியாது. எரிய வேண்டியது எரியாவிட்டால், எரியக்கூடாதது எரியும். சங்கிலியின் மிக மெலிந்த வளையம் உருகியாக இருந்தவரை வீடு தப்பியது. இப்பொழுது மெலிந்த வளையம் கூரைக்குள் ஓடும் கம்பியாகிவிட்டது.

ஒரு வீட்டை உதாரணமாக எண்ணிப் பாருங்கள். டிக்கோயாப் பக்கத்து லயமொன்றிலே தாய் கொழுந்து பறிக்கின்றாள். மகள் கொழும்பிலே கடையொன்றில் வேலை செய்கின்றாள். தாயின் இருமலைக் கண்டு மனம் நொந்த மகள், தீபாவளிக்கு வரும்போது ஒரு மின் அடுப்பை வாங்கி வருகின்றாள். வந்த அன்றே அதனை எரித்துக் காட்ட ஆசை. பழைய 5 அம்பியர் துவாரத்துக்கு அடுப்பின் சதுர முனைப் பிளக் பொருந்தவில்லை. உடனே சந்தியிலுள்ள கடையில் ஓர் இடைப்பிளக் வாங்கப்படுகின்றது. அவ்வழியே வந்த மின் வேலைக்காரரிடம், “அண்ணே, இதை இப்படியே மாட்டினால் போதுந்தானே?” என்று மகள் கேட்கின்றாள். அவர், “தங்கச்சி, பிளக் பிடிக்கும்; கம்பி பிடிக்காதே!” என்கின்றார். இந்த ஒரு விடையில் விடயம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. பழைய வட்டமுனைத் துவாரமும் புதிய சதுரமுனைப் பிளக்கும் ஒன்றோடொன்று பொருந்தாமை வெறுந் தொல்லையன்று. அஃது ஓர் எச்சரிக்கை. இடைப்பிளக்கோ அந்த எச்சரிக்கையின் வாயை அடைத்துவிடுகின்றது.

இரண்டு முனைத் துவாரத்தில் மற்றொரு குறையும் உண்டு. அதிலே புவிக்கம்பி இல்லை. அடுப்போ பெரும்பாலும் உலோக உடம்பு உடையது. அதன் உள்ளே மின்னொழுக்கு ஏற்பட்டு, உடம்பில் மின்சாரம் பரவி நிற்கும் வேளையில், ஈரக் கையோடும் வெறுங் காலோடும் சீமெந்துத் தரையில் நிற்கும் ஒருவர் அதனைத் தொட்டால், அவருடைய உடம்பே புவிக்கம்பியாகின்றது. புவிக்கம்பி ஒழுங்காக இருப்பின், மின்னொழுக்கு முதலில் அதன் வழியே மண்ணுக்குச் செல்லும். டிரிப் சுவிட்சும் எவரும் தொடுவதற்கு முன்பே விழும்.

மலைநாட்டு மண் கல்லும் பாறையும் கலந்தது. புவியில் இறக்கிய செப்புக்கோலுக்கும் மண்ணுக்கும் இடையே 50 ஓம் தடை இருப்பதாகக் கொண்டால், மின்னொழுக்கின்போது அதன் வழியே ஓடுவது 4.6 அம்பியர் மாத்திரமே. 15 அம்பியர் உருகி அதற்கு எரியாது, ஆனால் 0.03 அம்பியர் ஒழுக்குக்கே விழும் டிரிப் சுவிட்ச் கணப்பொழுதில் விழுந்துவிடும். ஆகவே புவிக்கம்பியும் டிரிப் சுவிட்சும் இரட்டையர். ஒன்றிருந்து மற்றொன்று இல்லையெனில் காவல் குறைவுடையதே. டிரிப் சுவிட்சிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கவேண்டும்; அழுத்தியும் விழாத சுவிட்ச் இருந்தும் இல்லாததே. மழைக்காலத்தில் அது அடிக்கடி விழுகின்றதென்று சினந்து, அதனைத் தவிர்த்துக் கம்பியை நேரே இணைத்துவிடுவோரும் உளர். நாய் இரவெல்லாம் குரைக்கின்றதென்று அதனை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைத்து உறங்குவதற்கு ஒப்பானது அச்செயல்.

ஹட்டன் பகுதியின் காலநிலையும் இதிற் பங்கு கொள்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் மூடுபனி காம்பிராவுக்குள்ளேயே வந்து உலாவும், சுவர் வியர்க்கும், தகரக் கூரையின் உட்புறத்திலிருந்து நீர் சொட்டும். ஈரத்தினாற் பித்தளையும் செம்பும் பச்சை பூக்கின்றன. பொருத்துகளின் தடை ஏறுகின்றது. விறகடுப்பின் கரியோ கம்பியுறைமேற் படிந்து, வெடிப்புகளை மறைத்துவிடுகின்றது. கீழ்நாட்டில் நெடுங்காலம் உழைக்கும் பொருள் மலைநாட்டில் அத்துணைக் காலம் உழைக்கும் என்று நம்புதல் தவறு.

அப்படியாயின் செய்யவேண்டியது யாது? முதலாவது, அடுப்பை வாங்கு முன்னரே அதன் வாட் எண்ணைப் படித்து 230ஆல் வகுத்துப் பார்த்தல். இரண்டாவது, தேசிய தொழிற்றகைமை பெற்ற மின் வேலைக்காரர் ஒருவரை அழைத்து, உள்ள கம்பியின் தடிப்பையும் உறையின் நிலையையும் புவித்தொடுப்பையும் அளந்து பார்க்கச் செய்தல். கம்பியைக் கண்ணாற் பார்த்து “நல்லாயிருக்கு” என்று கூறுவது போதாது. உறையின் காப்பை அளக்கும் கருவி உண்டு, அதனால் அளத்தல் வேண்டும்.

மூன்றாவது, மானிக்கு அருகிலுள்ள பகிர்வுப் பெட்டியிலிருந்து அடுப்படிவரை அடுப்புக்கென்றே தனிச் சுற்று ஒன்றை இழுத்தல். 2,000 அல்லது 2,500 வாட் அடுப்புக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி தகும். கடைகளில் அது 7/0.67 என்று வழங்கும். அதனோடு புவிக்கம்பியும், பெட்டியிலே அதற்கெனத் தனியான 16 அம்பியர் சுற்றுடைப்பானும், அடுப்படியிலே தரமான 13 அம்பியர் சதுரமுனைத் துவாரமும் வேண்டும். அத்துவாரம் அடுப்புக்கு நேர்மேலே இராமல் ஒரு பக்கமாக, நீராவியும் நீரும் படாத இடத்தில் இருத்தல் நன்று. அதிலே வேறொன்றையும் மாட்டலாகாது. மேடையிற் பதிக்கும் நான்கு வட்ட அடுப்பாயின் கதையே வேறு. 7,000 வாட் அடுப்பு முழுவதும் எரிந்தால் 30 அம்பியர் இழுக்கும். வீட்டுக்கு வரும் வழக்கமான ஓரலை இணைப்பே 30 அம்பியருக்கானது. அதனை வாங்கு முன்னர் மின்சாரம் வழங்குவோரிடமே அறிவித்து, இணைப்பை உயர்த்திக்கொள்ளவேண்டும்.

இத்தனைக்கும் கையிற் பணமில்லாதவர் என் செய்வது? நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு இது எளிய செலவன்று. அத்தகையோர் பெரிய அடுப்பைத் தள்ளி வைத்து, 1,000 வாட்டுக்கு உட்பட்ட ஒற்றைத் தட்டு அடுப்பையோ சோறு சமைக்கும் கருவியையோ தேர்தல் நலம். அது இழுப்பது 4.3 அம்பியரே. அதனையும் புவிக்கம்பியுள்ள உறுதியான துவாரத்தில் மாட்டி, ஒரு வேளையில் ஒரு கருவியை மட்டுமே இயக்கவேண்டும். நீட்டுக்கம்பியிலும் பல துவாரப் பலகையிலும் அடுப்பை ஒருபோதும் மாட்டலாகாது. காந்த அடுப்பு வாங்குவோர் மற்றொன்றையும் எண்ணவேண்டும்: மண்சட்டியும் அலுமினியப் பானையும் அதிலே சூடேறுவதில்லை. பாத்திரத்தின் அடியில் ஒரு காந்தத்தை வைத்தால் அது ஒட்டவேண்டும். ஒட்டாத பாத்திரம் அந்த அடுப்புக்கு ஆகாது.

மின்வெட்டைப் பற்றியும் கூறவேண்டும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் நின்றதை இந்நாடு கண்டது. சமைக்கும்போது மின்சாரம் நின்றால், அடுப்பின் சுவிட்சை மறவாமல் அணைத்துவிட வேண்டும். தட்டு அடுப்பு தானாக அணைவதில்லை. வீட்டார் மலைக்குப் போனபின் மின்சாரம் திரும்பினால், ஆளில்லாத வீட்டிலே அடுப்பு தானே எரியத் தொடங்கும்.

இறுதியாக ஒன்று. தனி வீட்டில் எழும் தீ அவ்வீட்டோடு நிற்கக்கூடும். லயத்தின் நிலை அதுவன்று. ஒரே கூரையின் கீழ் பல காம்பிராக்கள், ஒரே மரச்சட்டம், சில இடங்களில் ஒரே மானியிலிருந்து இரண்டு மூன்று வீடுகளுக்கு இழுத்த கம்பி. மின்னொழுக்கினால் லயம் எரிந்தது, இத்தனை குடும்பங்கள் பாடசாலையிலும் கோயில் மண்டபத்திலும் தங்கவைக்கப்பட்டன என்னும் செய்தி மலைநாட்டுக்குப் புதியதன்று. ஆகவே கம்பியைச் சோதிப்பது ஒரு வீட்டின் வேலையாக இருக்கலாகாது. லயம் முழுவதும் கூடிச் செய்யவேண்டியது. ஒரு மின் வேலைக்காரரை ஒரே நாளில் எல்லாக் காம்பிராக்களுக்கும் அழைத்தால் செலவும் குறையும். லயத்தின் உரிமை தோட்ட நிருவாகத்திடம் இருக்குமிடங்களில், பழுதடைந்த கம்பியை மாற்றுமாறு குடியிருப்போர் ஒன்றுகூடி எழுத்து மூலம் கேட்டல் வேண்டும். கட்டடத்துக்கு உரியவர்க்கு அதன் கம்பியிலும் பொறுப்புண்டு.

தாயின் இருமலைத் தீர்க்க மகள் வாங்கிவரும் அடுப்பு அன்பின் அடையாளம். அந்த அன்புக்கு இன்னும் சிறிது பொறுமையும் வேண்டும். அடுப்பைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, முதலில் கம்பியைப் பார்க்கட்டும். கம்பி ஆயத்தமான மறுநாட் காலையில், புகையில்லாத அடுப்படியிலே முதல் தேநீர் கொதிக்கட்டும்.